கத்தி வைக்காத சிகிச்சைகள்: தோட்டத்து மூட்டுவலிக்கு எது உதவும்?

சர்வதேச தொழில் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு நோய்களுக்கென்று ஒரு தனிப் பகுதி உண்டு. பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் தசைநாண் உறை வீங்குவது, முழங்கையின் வெளிப்புற வலி, மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுவது, நெடுநேரம் குந்தியும் மண்டியிட்டும் வேலை செய்வதால் முழங்காலின் பிறைக் குருத்தெலும்பு கெடுவது என்று ஒவ்வொன்றாக அதில் வருகின்றன. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பொகவந்தலாவையிலோ இருபது வருடம் கொழுந்து பறித்த பெண்களுக்கு இந்தப் பட்டியலில் புதிதாக எதுவும் இராது. இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். வலி குடைச்சலா, கடுப்பா, விரல் மடங்கிக்கொள்வதா என்று பிரித்தும் சொல்வார்கள். ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரியில் இவை அனைத்துக்கும் பெரும்பாலும் பெனடோலும் பூசுமருந்தும்தான். வீட்டில் கோடாலித் தைலமும் சித்தாலேபவும் இருக்கும்.

இதற்கிடையில் கண்டியிலும் கொழும்பிலும் வேறொரு உலகம் திறந்திருக்கிறது. ஒப்பரேஷன் இல்லாமல் மூட்டைச் சரிசெய்யும் ஊசிகள், சொந்த இரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பி.ஆர்.பி., முழங்காலுக்குள் செலுத்தும் பசை, நரம்பைச் சுடும் ரேடியோ அலை, அதிர்வலைக் கருவி. கொழும்பில் வேலைபார்க்கும் பிள்ளைகள் இவற்றைப் பற்றிக் கைபேசியில் பார்த்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். மாதக்கணக்கில் சேர்த்த காசு அதில் போகப்போகிறது.

பதிலுக்கு முன் வேலையைப் பார்க்க வேண்டும். சுற்றுலாப் படங்களில் கொழுந்து பறிப்பது மென்மையான வேலையாகத் தெரிகிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து இரண்டு இலையையும் ஒரு குருத்தையும் ஒடிக்கின்றன, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுகிறார்கள், மறுபடி ஒடிக்கிறார்கள். பெருவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்களும் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே ஒடுங்கிய உறைக்குள் ஓடுகின்றன. நாளெல்லாம் அவை அந்த உறையில் உரசினால் உறை தடிக்கும். சுமை நெற்றிப்பட்டியில் தொங்குவதால் கழுத்து முன்னே தள்ளி நின்றபடி உழைக்கிறது. பின்னால் எறியும் கை தோள்மூட்டை ஒவ்வொரு முறையும் உச்சிவரை கொண்டுபோகிறது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் முழங்காலின் சில்லுக்கு அதிக அழுத்தம் வருவது நனைந்த கொழுந்தைச் சுமந்துகொண்டு நிறுவைக்கு இறங்கும்போதுதான். கவ்வாத்து வெட்டும், கான் வெட்டும், முதுகில் தாங்கி கட்டி மருந்தடிக்கும் ஆண்களுக்கு முழங்கையும் இடுப்பும் முதலில் போகின்றன.

நாள்பட்ட தசைநாண் வலியில் இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசம் தெரிந்தால் எந்த ஊசி யாருக்கு என்பதில் பாதி விளங்கிவிடும். ஒன்று நெரிவு. நாண் நல்லதாகவே இருக்கும், அது ஓடும் உறையோ வளையமோ ஒடுங்கியிருக்கும். மற்றது நாணே நைந்துபோவது. இதை நெடுங்காலம் அழற்சி என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கே அழற்சி அணுக்கள் குறைவாகவும், இழைகள் ஒழுங்கு குலைந்தும், தேவையற்ற புது இரத்தக் குழாய்கள் முளைத்தும் இருந்தன. அழற்சியை அடக்கும் மருந்து நெரிவுக்கு வேலை செய்வதும் நைவுக்குச் சிலநாள் மட்டும் உதவிவிட்டுக் கைவிடுவதும் இதனால்தான்.

கைக்கு ஊசி நல்லது

நெரிவு நோய்கள் கையில்தான் அதிகம். நல்ல செய்தியும் அங்கேதான் இருக்கிறது.

பெருவிரல் பக்கத்து மணிக்கட்டு வலியை 1895-இல் விவரித்தவர் சுவிட்சர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஃபிரிட்ஸ் டி கெர்வேன். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் உயிர் போகிறதுபோல் வலிக்கும். விரல் மடங்கியபின் நிமிராமல் சொடுக்கி நிமிரும் நோய், உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்து வளையம் இறுகுவதால் வருகிறது. இரண்டுக்குமே உறைக்குள் போடும் ஒரு ஸ்டீரொய்ட் ஊசி பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குணம் தருகிறது. சிலருக்கு இரண்டாவது ஊசி வேண்டும். அதற்கும் கேளாத விரலுக்கு, மரத்துப்போகும் ஊசி போட்டு, இன்னொரு ஊசி முனையாலேயே வளையத்தைக் கீறி விடுவிக்கும் முறையும் இருக்கிறது. சில நிமிட வேலை. தையலும் இல்லை.

இரவில் கை மரத்து, உதறினால் தெளியும் நோய் மணிக்கட்டுக் குகையில் நரம்பு நெரிபடுவதால் வருவது. 2018-இல் லான்செட் இதழில் வந்த ஒரு பிரித்தானிய ஆய்வு, ஆறு வார முடிவில் ஸ்டீரொய்ட் ஊசி இரவுப்பட்டியை விட நன்றாக வேலை செய்ததைக் காட்டியது. ஆனால் இது பலருக்குத் திரும்பி வரும். பெருவிரல் அடியிலுள்ள சதை வற்றத் தொடங்கிவிட்டால் ஊசிகளில் காலத்தைக் கடத்தக் கூடாது. நரம்பை விடுவிக்கும் சிறு சத்திரசிகிச்சைதான் வழி, அதையும் கையை மட்டும் மரக்கவைத்துச் செய்யலாம்.

இந்த ஊசி மருந்து விலையுயர்ந்ததல்ல, பழையது. மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் 1948-இல் மூட்டுவாத நோயாளிக்கு கோர்ட்டிசோன் கொடுத்து, 1950-இல் இருவரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அடுத்த வருடமே ஃபிலடெல்பியாவில் ஜோசப் ஹொலண்டர் அந்த வகை மருந்தை நேரே மூட்டுக்குள் போட்ட அனுபவத்தை வெளியிட்டார். கைக்கான இந்த ஊசிகளைப் போட இடமறிந்த ஒரு வைத்தியர் போதும். இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட 150 கட்டில் டிக்கோயா வைத்தியசாலை போன்ற இடங்களில், வாரத்தில் ஒரு நாள் கைக்கான கிளினிக் நடந்தாலே சுற்றியுள்ள தோட்டங்களின் நெரிவு நோய்களில் பெரும்பகுதியைத் தீர்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். மலையகத்தில் மூட்டுவலிக்கென்று ஒரே ஒரு புதிய சேவையைத் தொடங்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

போடுமுன் இரண்டு விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் இரத்தத்தில் சீனி ஏறும். பலன் கிடைக்கும் வாய்ப்பும் அவர்களுக்குச் சற்றுக் குறைவு. மணிக்கட்டில் தோல் மெல்லியதாக இருப்பதால் ஊசி போட்ட இடம் வெளுத்துப் பள்ளம் விழலாம், கறுத்த தோலில் அது பளிச்சென்று தெரியும். ஆபத்தில்லை, பல மாதங்களில் பெரும்பாலும் தேறிவிடும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் வெண்குட்டம் வந்துவிட்டதென்று பயந்து அடுத்த கிளினிக்குக்கே வரமாட்டார்கள்.

முழங்கை, தோள்

இங்கே கதை மாறுகிறது. முழங்கை வெளிப்புற வலி நாண் நைவு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 165 பேரை வைத்து நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், சிலருக்கு ஸ்டீரொய்டும் சிலருக்கு வெறும் உப்புநீரும் ஊசியாகப் போடப்பட்டன. முதல் சில வாரங்கள் ஸ்டீரொய்ட் அபாரமாக இருந்தது. ஒரு வருட முடிவில் ஸ்டீரொய்ட் போட்டவர்களில் 54 வீதத்தினருக்கு வலி திரும்பியிருந்தது, உப்புநீர் போட்டவர்களில் 12 வீதத்தினருக்குத்தான். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் தேறியிருக்கக்கூடிய முழங்கையை ஊசி பின்னுக்கு இழுத்திருக்கிறது. கவ்வாத்து வெட்டுகிறவர் முழங்கையில் ஊசி போட்டுக்கொண்டு, வலி நின்ற துணிச்சலில் மறுநாளே கத்தியை எடுத்தால் என்ன ஆகுமென்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

குதிகாலுக்கு மேலுள்ள பெரிய நாணில் ஸ்டீரொய்ட் போடவே கூடாது என்பது பொதுவிதி, அறுந்துபோகும் அபாயம் உண்டு. அதே நாணுக்கு பி.ஆர்.பி. போட்டுப் பார்த்த ஆய்வுகள் இரண்டு முக்கியமானவை: நெதர்லாந்தில் 54 பேரை வைத்து 2010-இல் ஒன்று, பிரித்தானியாவில் 240 பேரை வைத்து 2021-இல் ஒன்று. இரண்டிலும் பி.ஆர்.பி. போலி ஊசியை மிஞ்சவில்லை.

தோளுக்கு இரு வேறு விடைகள். கையைத் தூக்கவே முடியாமல் மூட்டு உறைந்துபோகும் நோய் சீனி வருத்தக்காரருக்கு அதிகம். அதன் ஆரம்ப காலத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீரொய்ட் வலியைக் குறைத்து, பயிற்சி செய்ய இடம் தருகிறது. 503 பேரை வைத்து 2020-இல் வெளியான பிரித்தானிய ஆய்வு, ஊசியோடு சேர்ந்த பயிற்சியையும், மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்து விடுவதையும், துளை வழிச் சத்திரசிகிச்சையையும் ஒப்பிட்டது. ஒரு வருடத்தில் எதுவும் மற்றதைப் பெரிதாக வெல்லவில்லை. தோள் நாண்கள் நைவதால் வரும் சாதாரணத் தோள்வலிக்கு, எலும்பைச் சீவி இடம் உண்டாக்கும் துளை வழிச் சத்திரசிகிச்சை உலகமெங்கும் இலட்சக்கணக்கில் நடந்திருக்கிறது. பிரித்தானியாவிலும் பின்லாந்திலும் 2018-இல் வெளியான இரு ஆய்வுகளில் சிலருக்குத் துளை மட்டும் போட்டு, எலும்பைத் தொடாமலே விட்டார்கள். அவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணம் தெரிந்தது.

முழங்கால்

அதிகப் பணம் கைமாறும் இடம் முழங்கால். அதனால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

2002-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் புரூஸ் மோஸ்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தேய்ந்த முழங்கால் உடைய 180 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார். சிலருக்கு முழங்காலுக்குள் துளைவழிக் கருவியால் கழுவினார், சிலருக்குச் சுரண்டிச் சீராக்கினார், சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்தும் மூன்று கூட்டத்துக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. 2013-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் வயதால் கிழிந்த பிறைக் குருத்தெலும்பை வெட்டி எடுப்பதையும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு அதே முடிவுக்கு வந்தார்கள். இன்று தேய்மானத்துக்காக முழங்காலைத் துளைவழியே கழுவுவதை வழிகாட்டிகள் வெளிப்படையாக வேண்டாமென்கின்றன. யாராவது இப்போதும் அதைப் பரிந்துரைத்தால் இன்னொரு வைத்தியரைக் கேளுங்கள்.

முழங்காலுக்குள் ஸ்டீரொய்ட் போட்டால் சில வாரம் வலி குறைவது உண்மை. கல்யாணமோ திருவிழாவோ வரும்போது, அல்லது மூட்டு வீங்கி நடக்கவே முடியாதபோது ஒரு ஊசி போடுவதை நான் குறை சொல்லமாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வழக்கமாக்கிக்கொள்வதுதான் தவறு. பொஸ்டனில் 140 பேருக்கு இரண்டு வருடம் அப்படிப் போட்டுப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். உப்புநீர் போட்டவர்களை விட வலி குறையவில்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

பசை ஊசி எனப்படும் ஹயலுரோனிக் அமிலம் மூட்டுத் திரவத்துக்கு வழவழப்புத் தரும் என்று விற்கப்படுகிறது. 169 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டுக் கட்டுரை, போலி ஊசிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் நோயாளி உணரும் அளவுக்கு இல்லை என்றது. பி.ஆர்.பி. ஊசிக்கு இன்று பெரிய பெயர். கையிலிருந்து இரத்தம் எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மூட்டுக்குள் போடுகிறார்கள். நம் இரத்தமே மருந்தாகிறது என்ற எண்ணம் மனதுக்கு இதமாக இருப்பதும் இயல்பு. ஆஸ்திரேலியாவில் 288 பேருக்குப் போட்டு 2021-இல் வெளியான ஆய்வு, ஒரு வருட முடிவில் வலியிலும் குருத்தெலும்பிலும் உப்புநீரை விட மேலான பலனைக் காணவில்லை. சாதகமாகச் சொல்லும் சிறிய ஆய்வுகளும் உண்டு. அவற்றை நம்பித் தோட்டத் தொழிலாளி ஒருவர் கடன் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன்.

முழங்கால் நரம்புகளை ரேடியோ அலையால் சுடும் முறைக்கு 2011-இல் கொரியாவிலிருந்து நம்பிக்கையான முதல் ஆய்வு வந்தது. ஒப்பரேஷன் செய்ய முடியாத முதியவர்களுக்குச் சில மாத நிம்மதி தரக்கூடும். ஜப்பானின் யூஜி ஒக்குனோ பரப்பிய, மூட்டைச் சுற்றி முளைத்த சிறு இரத்தக் குழாய்களை அடைக்கும் முறையை நெதர்லாந்தில் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது இரு பக்கமும் ஒரே அளவு குணம் தெரிந்தது. முற்றாகத் தேய்ந்து வளைந்துவிட்ட முழங்காலுக்கு இவை எதுவும் மாற்றல்ல. அதற்கு மூட்டு மாற்றுச் சிகிச்சைதான்.

ஊசியைத் தோற்கடித்த பயிற்சி

முழங்காலுக்கு ஸ்டீரொய்ட் ஊசியையும் இயன்மருத்துவத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2020-இல் வெளியானது. 156 பேர். ஒரு வருட முடிவில் பயிற்சி பெற்றவர்களுக்கே வலியும் இயலாமையும் குறைவாக இருந்தன. நாண்களுக்கும் இதே பாடம்தான். சுவீடனில் ஹொக்கன் அல்ஃப்ரெட்சன் 1998-இல் குதிகால் நாண் வலியுள்ள 15 ஓட்டக்காரர்களைப் படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கச் சொன்னார். நாளுக்கு 180 தடவை, பன்னிரண்டு வாரம். பதினைந்து பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். அதன்பின் நாண் சிகிச்சையின் மையமே அளவாகக் கூட்டிச் செல்லும் சுமையாகிவிட்டது.

நாளெல்லாம் மலை ஏறி இறங்குகிறவளுக்கு இன்னும் பயிற்சியா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயிற்சியில் சுமை சிறிதாகத் தொடங்கும், உடம்பு தாங்கினால் மட்டும் கூடும், இடையில் ஓய்வு இருக்கும். மலையில் சுமையைத் தீர்மானிப்பது மழையும் கொழுந்தின் வளர்ச்சியும் அன்றைய கிலோ இலக்கும். முதலாவதில் நாண் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது, இரண்டாவதில் கிடைப்பதில்லை. மேலே சொன்ன ஆய்வுகள் எதிலும் செங்குத்தான சரிவில் கொழுந்து சுமக்கும் பெண்கள் இருக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பன்னிரண்டு வாரப் பயிற்சி அவர்களுக்கும் பலிக்க வேண்டுமானால், அந்தப் பன்னிரண்டு வாரமும் சுமை குறைய வேண்டும்.

இன்னொரு ஆய்வு மலையகத்துக்கென்றே நடத்தியதுபோல் பொருந்துகிறது. பிரித்தானியாவில் தோள்வலியுள்ள 708 பேரில் சிலருக்கு இயன்மருத்துவர் ஆறு தடவை வரை பயிற்சி கொடுத்தார். சிலருக்கு ஒரே ஒரு தடவை நன்றாக விளக்கி, வீட்டில் செய்யும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். 2021-இல் வெளியான முடிவின்படி ஒரு வருடத்தில் இரு கூட்டமும் சமம். அதாவது ஒவ்வொரு வாரமும் நாளை இழந்து, ஆட்டோவுக்குக் காசு கொடுத்து நுவரெலியாவுக்குப் போக வேண்டியதில்லை. தமிழில் பொறுமையாகப் பேசும் இயன்மருத்துவர் ஒருவர் மாதமொருமுறை டிஸ்பென்சரிக்கு வந்தால் போதும். லயத்து வாசல்படியிலேயே மற்றதைச் செய்யலாம். கண்டிக்கு அருகே திகணையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. அங்கிருந்து தோட்டங்களுக்கு வரும் நடமாடும் சேவை நடக்க முடியாத கனவல்ல.

ஆனால் டிஸ்பென்சரி யாருடையது என்பதே இன்னும் அரைகுறையாகத்தான் தீர்ந்திருக்கிறது. 1912-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத்து மக்களின் மருத்துவத்தைத் தோட்டத்தின் பொறுப்போடு கட்டிப்போட்டது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990-களில் தொடங்கி ஒருபகுதியோடு நிற்கிறது. பல இடங்களில் இன்றும் தோட்ட மருத்துவ உதவியாளரே எல்லாம். அவர்களைக் குறைசொல்ல வரவில்லை. பிரசவம் முதல் குளவிக்கொட்டு வரை பார்க்கும் அவர்களிடம் மூட்டு நோய்க்கான பயிற்சியை நாம்தான் கொடுக்கவில்லை. மணிக்கட்டு நெரிவை இனங்காணவும், சதை வற்றிய கையை உடனே அனுப்பவும், வலிமாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவரின் பிரஷரையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லவும் சில நாட்பயிற்சி போதும். பெயர் தெரியாத சூரணம் தின்று வலி மாயமாகப் போனதென்பவரிடம் அந்தப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் வேண்டும். அத்தகைய பொடிகளில் ஸ்டீரொய்ட் கலந்திருப்பது தெற்காசியாவில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

கடைசியில் எல்லாம் பேரில், அதாவது அன்றைய நாட்சம்பளக் கணக்கில், வந்து முட்டுகிறது. 2021-இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானபோது பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவும் கூட்டப்பட்டது. 2024-இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகியும் குறைந்த கிலோவுக்கு அரைப்பேர் என்ற பயம் போகவில்லை. மணிக்கட்டில் ஊசி போட்டால் ஓரிரு கிழமை அந்தக் கைக்கு ஓய்வு வேண்டும். முழங்கைக்கு இன்னும் அதிகம். அந்த ஓய்வு கிடைக்காத இடத்தில் நல்ல ஊசியும் கெட்ட ஊசியாகிவிடும். ஆகவே சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் இரண்டு விஷயங்களை மேசையில் வைக்க வேண்டும். ஒன்று, நிறுவை இடங்களைக் கூட்டி, நாளில் ஒரு தடவையாவது அதிகமாக நிறுத்து, கால்கள் சுமந்து இறங்கும் எடையைக் குறைப்பது. மற்றது, 'இத்தனை கிழமைக்கு லேசான வேலை' என்று அரசாங்க வைத்தியர் எழுதிக் கொடுக்கும் துண்டைத் தோட்டக் காரியாலயம் ஏற்று, அந்தக் கிழமைகளில் நாற்றுமேடையிலோ பிள்ளைக் காம்பராவிலோ வேலை கொடுத்து முழுப்பேர் போடுவது.